அரோவானா வாங்கினால் கடை பில் போதாது

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் ஆசியா அரோவானா என்ற அலங்கார மீனை வாங்குகிறவர்களிடம் 'வனத்துறையில் பதிவு செய்யணும்' என்று கடையில் பெரும்பாலும் சொல்வதில்லை. சிக்குவது வாங்கினவர்தான்.

2022 வன உயிரினச் சட்டத் திருத்தத்தில் இந்த மீன் நான்காம் அட்டவணையில், அதாவது பன்னாட்டு வர்த்தகக் கட்டுப்பாடு உள்ள உயிரினங்களின் பட்டியலில், வருகிறது. 2024 பிப்ரவரி 28-ல் வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்போதே வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த ஆறு மாதக் கெடு முடிந்துவிட்டது. இப்போது வாங்கினால் மீன் கைக்கு வந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

முதலில் எந்த அரோவானா என்று பாருங்கள். சில்வர் இந்த அட்டவணையில் இல்லை; அதன் முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் நீளமாகப் போய் வாலைத் தொடுகிற மாதிரி இருக்கும். ஆசியாவுக்குத் துடுப்பு குட்டை, செதில் பெரிது, வால் விசிறி மாதிரி தனியாகத் தெரியும். குஞ்சில் நிறத்தை நம்பாதீர்கள்.

பண்ணை மீனுக்கு உடம்பில் அடையாள எண் உள்ள சிப் இருக்கும். பணம் கொடுப்பதற்கு முன்பே ஸ்கேனர் வைத்துப் பார்த்து, வருகிற எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள். பண்ணைச் சான்றிதழ் வேறு, இறக்குமதி அனுமதி வேறு. இரண்டின் நகலையும் கேளுங்கள். 'அலங்கார மீன் - 1' என்று எழுதின பில் எதற்கும் உதவாது. மீனின் அறிவியல் பெயர், சிப் எண், ஆதாரில் இருக்கிறபடியே உங்கள் பெயர் மூன்றும் பில்லில் வேண்டும்.

மீன்வளத்துறைக்கு அலையாதீர்கள், இது வனத்துறை வேலை. கடைக்காரரின் உரிமம் உங்கள் பதிவாகாது. 2020-ல் மத்திய அரசு கேட்டபடி, வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பதைத் தானாக முன்வந்து அறிவித்த தாளும் இந்தப் பதிவுக்கு ஈடாகாது, ஆனால் பத்திரமாக வையுங்கள். பிரவுசிங் சென்டரில் அவர்களுடைய மொபைல் எண்ணைப் போட்டுவிட்டால் அப்புறம் ஓடிபி அங்கேதான் போகும். உங்கள் எண்ணையே கொடுங்கள். விண்ணப்ப எண்ணை அச்செடுத்து வையுங்கள். வனத்துறையில் 'பார்க்கலாம்' என்று இழுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் நிலையைக் கேளுங்கள், 30 நாளில் பதில் தரவேண்டும்.

மீன் கைமாறினாலும் குஞ்சு பொரித்தாலும் செத்தாலும் தெரிவிக்க வேண்டும். செத்தால் படம் எடுத்து, சிப்பை எடுத்து வையுங்கள். பயத்தில் பக்கத்து ரெட்டேரி ஏரியில் விட்டுவிட்டால் மீன் போகும், கணக்கு உங்கள் பெயரிலேயே நிற்கும்.

மிஸ் கேரளா என்ற அலங்கார மீனின் கதை வேறு. கேரள, கர்நாடக ஆற்று மீன். அதே திருத்தத்தில் முதல் அட்டவணைக்குப் போய்விட்டது. கண் வழியாக ஓடும் சிவப்புக் கோடு, அதன் கீழே கறுப்புக் கோடு, வாலில் மஞ்சளும் கறுப்பும். சட்டத்தை மீறி வைத்திருந்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். முறைப்படி வைத்திருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான். 'பண்ணை மீன்தான் சார்' என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் வாங்காதீர்கள்.