தேறாம போறது வேற, தகுதி இழக்குறது வேற

ஐரோப்பிய நாடுகளோட கூடைப்பந்துப் போட்டியான யூரோபாஸ்கெட்டுக்குள்ள 2025ல குரோஷியா வர முடியாம போனப்ப தமிழ்ல அதை "குரோஷியா தகுதி இழந்தது"ன்னு சொன்னாங்க. அடுத்த மாசம் ஆசியக் கோப்பை கூடைப்பந்துக்கு பஹ்ரைனும் தாய்லாந்தும் வர முடியல, அதுக்கும் "தகுதி இழந்தன"தான். கால்பந்துல இத்தாலி உலகக் கோப்பைக்கு வரலன்னாலும் அதே வாக்கியம். கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. இழக்கணும்னா மொதல்ல கையில இருக்கணும்ல? இல்லாத ஒண்ணை எப்படி இழக்குறது? ஆடி, தோத்து, இடம் கிடைக்காம வீட்டுக்குப் போனவனை ஏதோ தப்பு பண்ணி வெளிய தள்ளப்பட்டவன் மாதிரி காட்டுற வார்த்தை இது. அதனால குவாலிஃபை, குவாலிஃபையர் ரெண்டையும் பத்தி கொஞ்சம் விரிவாவே எழுதிடலாம்னு உக்காந்தேன்.

வேர் பத்தி சுருக்கமா. குவாலிஃபைங்குறது லத்தீன் வழி, குவாலிஸ்னா 'எப்படிப்பட்ட', ஃபாசெரேன்னா 'ஆக்கு', ரெண்டும் சேர்ந்து 'இப்படிப்பட்டதுன்னு ஆக்குறது', பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு, குவாலிட்டியும் அதே குடும்பம்தான். நம்ம தகுதிக்கு வேர் 'தகு'. தக்க, தகாத, தகவு எல்லாம் அதுலேருந்து வந்ததுதான். குறள்ல நடுவுநிலைமை அதிகாரமே "தகுதி எனவொன்று நன்றே"ன்னுதான் ஆரம்பிக்குது, அங்க தகுதிக்குப் பொருளே நடுவுநிலை. ஆக நம்ம மொழியில தகுதிங்குறது ஆளோட குணத்தைச் சேர்ந்த சொல், நல்லவனா, ஏத்தவனா, பொருத்தமானவனாங்குற கேள்வி. விளையாட்டுல குவாலிஃபைன்னா அதுல பாதிகூட கிடையாது. ஒரு போட்டியில இத்தனை இடம் இருக்கு, அதுல ஒண்ணு உனக்குக் கிடைச்சுதா இல்லையா, அவ்வளவுதான். இந்த இடைவெளிதான் எல்லாக் கோளாறுக்கும் ஆரம்பம்.

குரோஷியா கதையையே எடுத்துக்குங்க. 2025 யூரோபாஸ்கெட்ல மொத்தம் 24 இடம். அதுக்கு 32 அணிகள், நாலு நாலா எட்டு குரூப், ஒவ்வொரு குரூப்லேருந்தும் மூணு அணி உள்ள போகும். பாத்தா ரொம்ப தாராளமா தெரியுது. ஆனா போட்டியை நடத்துன நாலு நாடுகள் லாட்வியா, பின்லாந்து, போலந்து, சைப்ரஸ், இவங்களுக்கு இடம் முன்கூட்டியே உறுதி, இருந்தாலும் அவங்களும் இதே குரூப்புகள்ல வந்து ஆடுவாங்க. குரோஷியா மாட்டுனது சைப்ரஸ் இருந்த குரூப்ல, கூடவே பிரான்ஸும் போஸ்னியாவும். சைப்ரஸுக்கு ஒரு இடம் போக மிச்சம் ரெண்டுதான், அதை பிரான்ஸும் போஸ்னியாவும் எடுத்துக்கிட்டாங்க. இப்ப சொல்லுங்க, சைப்ரஸுக்கு இருந்த 'தகுதி' குரோஷியாவுக்கு இல்லையா? டிராசன் பெட்ரோவிச், டோனி குகோச் ஆடுன நாடு அது! விஷயம் தகுதியே இல்ல, இடம். ஒரு நாற்காலி ஏற்கனவே பேர் எழுதி வச்சிருந்துச்சு, மிச்சம் இருந்ததுல இவங்களுக்குக் கிடைக்கல.

சரி, அப்ப நிஜமாவே தகுதி இழக்குறதுன்னா என்ன? அதுக்கும் கூடைப்பந்துலயே அச்சு அசலா உதாரணம் இருக்கு. 2022 பிப்ரவரியில உலகக் கோப்பைக்கான ஆசிய ஆட்டங்களுக்கு தென்கொரியா மணிலாவுக்குப் போகணும், அணிக்குள்ள கொரோனா வந்ததால போகல, சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபா அவங்களை அந்தச் சுற்றுலேருந்தே நீக்கிடுச்சு. அது தகுதி நீக்கம். அதே வருஷம் யூரோபாஸ்கெட்டுக்கு முறையா ஆடி உள்ள வந்திருந்த ரஷ்யாவை, உக்ரைன் போர் காரணமா எடுத்துட்டு மாண்டிநீக்ரோவை உள்ள கொண்டுவந்தாங்க. ரஷ்யா கையில இடம் இருந்துச்சு, போச்சு. இதுக்கு 'தகுதி இழந்தது'ன்னு எழுதுங்க, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. குரோஷியாவுக்கும் ரஷ்யாவுக்கும் ஒரே வினைச்சொல்லைப் போட்டா படிக்கிறவன் எதை எப்படிப் பிரிச்சுப் புரிஞ்சுக்குவான்? பரீட்சையில மார்க் பத்தாம போன பையனையும் பிட் அடிச்சு மாட்டி ஹாலை விட்டு வெளிய அனுப்பப்பட்ட பையனையும் ஊர்ல ஒரே வார்த்தையால சொன்னா அந்த மொதப் பையனோட அம்மா சும்மா விடுவாங்களா?

இன்னொண்ணு, ஃபீபா குரூப் பட்டியல்ல புள்ளி போடுற முறையைக் கவனிச்சுப் பாருங்க. ஜெயிச்சா 2, தோத்தா 1, ஆட வராம விட்டுக்கொடுத்தா 0. தோத்தவனுக்கும் ஒரு புள்ளி! வந்து ஆடுன, கடைசி வரை நின்ன, அதுக்கான மரியாதை அந்த ஒண்ணு. தோக்குறதும் விலகுறதும் வேறன்னு விதியிலயே பிரிச்சு வச்சிருக்கான், நம்ம தலைப்புதான் ரெண்டையும் சேத்து ஒரே மூட்டையில கட்டுது.

அப்ப எந்தச் சொல்? வினைக்கு என் ஓட்டு 'தேறு'. இந்தியா தேறியது, பஹ்ரைன் தேறவில்லை. எவ்வளவு சின்னதா, சுத்தமா இருக்கு பாருங்க. பரீட்சையில தேறிட்டான், உடம்பு தேறிடுச்சு, இந்தக் கணக்குல ஒண்ணும் தேறாதுன்னு தினமும் வாயில வர்ற சொல்தான். பழசும்கூட. குறள்ல தெரிந்து தெளிதல் அதிகாரத்துல அறம், பொருள், இன்பம், உயிரச்சம்னு நாலு சோதனையும் வச்சுப் பாத்து ஒருத்தனை "தேறப் படும்"னு வரும். சோதிச்சுப் பாத்து எடுத்துக்குறதுங்குற பொருள் அதுலயே இருக்கு, புதுசா எதையும் செதுக்க வேண்டாம். 'தேறு' கொச்சையா இருக்கேன்னு யாராவது நெளிஞ்சா 'இடம் பிடித்தது, இடம் கிடைக்கவில்லை'ன்னு எழுதலாம், அதுலயும் பொய் இல்ல. 'தகுதி பெற்றது'ன்னு எழுதுறதைக்கூட நான் பெருசா எதுக்கல, பழகிப்போச்சு. ஆனா அதோட எதிர்ச்சொல் 'தகுதி பெறவில்லை'தான், 'இழந்தது' இல்ல.

பெரிய சண்டை பெயர்ச்சொல்லுலதான். தமிழ்நாட்டு பத்திரிகையெல்லாம் குவாலிஃபையருக்கு 'தகுதிச் சுற்று'ன்னு எழுதுது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள்ல ரொம்பக் காலமா 'தகுதிகாண் சுற்று'. நான் இலங்கை பக்கம்தான், அதுவும் உறுதியா. 'தகுதிச் சுற்று'ன்னா என்ன, தகுதி உள்ளவங்க ஆடுற சுற்றா, தகுதிக்காக ஆடுற சுற்றா? அந்தத் தொகைச்சொல் ரெண்டுக்கும் இடம் கொடுக்குது. இதுல ஐபிஎல் வேற வந்து நிலைமையை இன்னும் மோசமாக்கிடுச்சு. லீக் முடிஞ்சு முதல் ரெண்டு இடத்துல இருக்குற அணிகள் மோதுற ஆட்டத்துக்கு அவன் குவாலிஃபையர் 1ன்னு பேர் வச்சான், நம்மாளு அதையும் 'முதல் தகுதிச் சுற்று'ன்னு எழுதிட்டான். இப்ப தமிழ்நாட்டுல பாதிப் பேருக்கு தகுதிச் சுற்றுன்னா போட்டியோட கடைசிக் கட்டம், ஃபைனலுக்கு முந்தின படி. 'ஆசியக் கோப்பை கூடைப்பந்து தகுதிச் சுற்றில் இந்தியா'ன்னு படிச்சா ஏதோ அரையிறுதிக்குப் பக்கத்துல போயிட்டோம்னு நினைக்கிறாங்க, போட்டிக்குள்ள நுழையவே இன்னும் வருஷம் இருக்குங்குறது தெரியல. பத்தாததுக்கு ஆசியக் கோப்பைன்னாலே கிரிக்கெட்தான்னு ஒரு நினைப்பு.

'தகுதிகாண்'ல அந்தக் குழப்பம் வராது. காண்ங்குற வினையடி உள்ள உக்காந்து வேலையைச் சொல்லிடுது: தகுதி இனிமேதான் காணப்படணும். தமிழ்நாட்டுல இதுக்கு ஒரு மறுப்பு சொல்லுவாங்க, அரசு வேலையில 'தகுதிகாண் பருவம்'னா புரபேஷனாச்சே, குழப்பாதான்னு. குழப்பாது, துணைக்குத்தான் வருது. வேலைக்கு வந்துட்ட, ஆனா இன்னும் நிரந்தரம் ஆகல, உன்னைப் பாத்துக்கிட்டிருக்கோம்ங்குற காலம் அது. இங்கயும் அதே பொருள்தான். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்குறவங்க நல்லாப் பிடிச்ச ஒரு சொல்லை நாம எடுத்துக்கிட்டா என்ன குறைஞ்சுடும்?

சிலர் 'நுழைவுச் சுற்று'ன்னு சொல்லலாம்ங்குறாங்க, நுழைவுத் தேர்வு மாதிரி. கேக்க நல்லாத்தான் இருக்கு, சட்டுன்னு புரியுது. ஆனா போட்டியை நடத்துற நாடு ஏற்கனவே நுழைஞ்சாச்சே, அதுவும் அந்தச் சுற்றுல ஆடுதே? 2025 ஆசியக் கோப்பையை நடத்துன சவுதி அரேபியா ஜோர்டான், ஈராக், பாலஸ்தீனத்தோட குரூப்ல முழுசா ஆடுச்சு. உலகத் தரவரிசைக்கு அந்த ஆட்டங்களும் கணக்குல வரும். நுழைஞ்சவனுக்கு நுழைவுச் சுற்று பொருந்தாது, தகுதிகாண் அப்பவும் பொருந்தும், ஏன்னா அவன் ஆட்டத்தையும் அளந்துக்கிட்டுத்தான் இருக்காங்க. 'தேர்வுச் சுற்று'ன்னா நாட்டு அணிக்கு ஆள் எடுக்குற டிரையல்ஸ்னு ஆயிடும், அதுவும் வேண்டாம்.

2025 ஆசியக் கோப்பைக்குள்ள இந்தியா எப்படிப் போச்சுன்னு பாத்தா இந்தச் சொற்கள் எல்லாம் எங்க எங்க உக்காரும்னு தெளிவாகும். 24 அணிகள், ஆறு குரூப், ஒவ்வொரு அணிக்கும் சொந்த ஊர்லயும் எதிரி ஊர்லயுமா ஆறு ஆட்டம். முதல் ரெண்டு இடம் பிடிச்சா நேரா உள்ள, அதுல 12 அணி. இந்தியா குரூப்ல ஈரான், கத்தார், கஜகஸ்தான். 2024 நவம்பர்ல ரெண்டு ஆட்டம் சென்னை நேரு உள்விளையாட்டு அரங்குலயே நடந்துச்சு, கத்தார்கிட்ட தோத்தோம், அடுத்து கஜகஸ்தானை 88-69ன்னு அடிச்சோம். நல்ல ஆட்டம் அது, 19 புள்ளி வித்தியாசம், மூணாவது இடத்துக்கு வழி விட்டதே அதுதான். ஆறு குரூப்லயும் மூணாவது வந்த அணிகளை 2025 மார்ச்ல மூணு மூணா ரெண்டு குரூப்பாப் பிரிச்சு ஆட விட்டாங்க, அதுல மிச்சம் நாலு இடம். இந்தியாவும் ஈராக்கும் பஹ்ரைனைத் தாண்டிப் போயிடுச்சு, இன்னொரு பக்கம் குவாமும் சீன தைபேயும் தாய்லாந்தைத் தாண்டுச்சு. ஆக 16. பிப்ரவரியில குரூப் முடிஞ்சப்ப இந்தியா 'நேரடித் தகுதியை இழந்தது'ன்னு எழுதுனா, அடுத்த மாசமே 'தகுதி பெற்றது'ன்னு எழுத வேண்டி வருது. இழந்தது எப்படித் திரும்ப வந்துச்சுன்னு படிக்கிறவன் முழிப்பானா மாட்டானா? 'நேராகத் தேறவில்லை, கடைசி தகுதிகாண் சுற்றுக்குப் போகிறது'ன்னு எழுதிப் பாருங்க, அடுத்த செய்திக்குக் கதவு தானா தொறந்திருக்கும். ஆகஸ்ட்ல ஜெட்டாவுல ஜோர்டான், சீனா, சவுதின்னு மூணு ஆட்டமும் தோத்துதான் வந்தோம். அதுக்காக தேறுனது தேறாதது ஆயிடாது.

மொழிபெயர்க்கிறவங்ககிட்ட இன்னொரு வருத்தமும் இருக்கு. இந்த ஆட்டங்களை வருஷத்துல அங்கங்க சில நாள் ஒதுக்கி நடத்துறாங்க, 2024 பிப்ரவரி, நவம்பர், 2025 பிப்ரவரின்னு. இங்கிலீஷ்காரன் அதை விண்டோங்குறான். உடனே இங்க 'சாளரம்'! 'நவம்பர் சாளரத்தில் இந்தியா இரண்டு ஆட்டங்கள்'. யாருக்குங்க இது புரியும்? நம்மகிட்ட தவணைன்னு எவ்வளவு அழகான சொல் இருக்கு, மூணு தவணையா பணம் கட்டுற மாதிரி மூணு தவணையா ஆட்டம், சொன்ன உடனே பாட்டிக்கும் புரியும். அதே மாதிரி குரூப் பிரிக்க சீட்டு எடுக்குறப்ப பாட் 1, பாட் 2ன்னு வரும், அது 'பானை 1' ஆயிடுது. உத்திரமேரூர்க் கல்வெட்டுல குடத்துக்குள்ள ஓலை போட்டு எடுத்த முறையை பராந்தக சோழன் காலத்துலயே வெட்டி வச்சிருக்கான், குடவோலைன்னு பள்ளிக்கூடத்துல எல்லாரும் படிச்சோம், எழுதுறப்ப மட்டும் அந்தக் குடம் ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது.

கான்டினென்டல் சாம்பியன்ஷிப்புக்கு 'கண்ட சாம்பியன்ஷிப்'ன்னு எழுதுறவங்களையும் கேட்டுக்குறேன், அங்க ஒரு 'ச்' போடுங்க. ஒற்று இல்லாம எழுதுனா கண்ட கண்ட சாம்பியன்ஷிப்னு ஆயிடுது. அதைவிட ஆசியக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பைன்னு பேரையே சொல்லிட்டா அந்தச் சிக்கலே இல்ல, பக்கத்துல கூடைப்பந்துன்னு ஒரு சொல் சேத்தா போதும்.

தலைப்புல இடம் பத்தாது, 'தகுதிகாண்' நீளம்னு உதவி ஆசிரியர்கள் சொல்லுவாங்க. பேர்ல கூடுறதை வினையில மிச்சம் பிடிச்சுக்கலாம். எண்ணிப் பாருங்க, 'தகுதி இழந்தது' எட்டு எழுத்து, 'தேறவில்லை' அஞ்சு.