நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு

"விபத்தில் காலை இழந்த கொத்தனாருக்கு நிவாரணம் வழங்க கோர்ட் உத்தரவு." மதுரைப் பதிப்புகளில் மாதம் ஒருமுறையாவது இப்படி ஒரு தலைப்பு கண்ணில் படுகிறது, படிக்கிறபோதெல்லாம் எரிச்சல் வருகிறது. கோர்ட் கொடுக்கச் சொன்னது இழப்பீடு.

இடு என்ற வினை நீண்டு ஈடு ஆனது, சுடு சூடு ஆன மாதிரி. போனதற்குச் சமமாக வைப்பது ஈடு. இழப்புக்கு ஈடு இழப்பீடு, அவ்வளவுதான். நஷ்டஈட்டில் பாதி வடமொழி, எனக்குப் பிடிக்காது, ஆனாலும் பொருள் கெடவில்லை. நிவாரணம் அப்படியில்லை. தடுத்தல், நீக்குதல் என்பது அதன் மூலப்பொருள். வெள்ளம் வந்தால், பட்டாசு ஆலை வெடித்தால் அரசு அறிவிக்கிறதே, அது நிவாரணம். கூலிக்காரருக்கும் கடைக்காரருக்கும் அதில் ஒரே தொகை, யாருக்கு எவ்வளவு போனது என்று கணக்குப் பார்ப்பதில்லை.

இழப்பீட்டில் கணக்குதான் எல்லாமே. சாலை விபத்தில் காலை இழந்த மேலூர்ப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர், வயது 34, மாதம் 15,000 ரூபாய் சம்பாத்தியம் என்று வையுங்கள். சொந்தத் தொழில், நாற்பதுக்குள் வயது, அதனால் எதிர்கால உயர்வுக்கு 40 விழுக்காடு கூட்டினால் மாதம் 21,000, வருடத்துக்கு 2,52,000. வருட வருமானத்தை எதால் பெருக்குவது என்று அந்த வயதுக்கு உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கில் வகுத்த பெருக்கெண் 16. பெருக்கினால் 40,32,000. அப்புறம்தான் வக்கீலின் உண்மையான வேலை. டாக்டர் சான்றிதழில் ஊனம் 40 விழுக்காடு என்று இருக்கலாம், ஆனால் சாரத்தில் ஏற முடியாத கொத்தனாருக்குப் பிழைப்பில் போனது 60 விழுக்காடு என்று சாட்சியத்தோடு நிறுவினால் தொகை 16,12,800-இலிருந்து 24,19,200 ஆகிறது. உடம்பின் ஊனமும் சம்பாதிக்கும் திறனின் இழப்பும் ஒன்றல்ல என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இதற்கு மேல் மருத்துவச் செலவு, கூட இருந்து பார்த்தவர் செலவு, வலிக்கும் வேதனைக்கும் என்று தனித்தனித் தலைப்புகள். இத்தனையையும் கூட்டி வந்த தொகைக்கு நிவாரணம் என்று பெயர் வைக்க எப்படி மனசு வருகிறது?

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். இந்த வழக்குகளை விசாரிக்கிற மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் பெயரிலேயே இழப்பீடு இருக்கிறது, அதையாவது பார்க்கலாம். இது வெறும் சொல் தகராறும் இல்லை. நிவாரணம் என்று கேட்டுப் பழகிய குடும்பம் அதைத் தர்மமாக நினைத்துக்கொள்கிறது. மருந்துக்கடை ரசீதைப் பத்திரப்படுத்துவதில்லை, மேஸ்திரியிடம் கூலிக் கணக்கு எழுதி வாங்குவதில்லை, மக்கள் நீதிமன்றத்தில் இன்சூரன்ஸ் தரப்பு முதலில் சொல்கிற தொகைக்கே தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறது.