செம்பாண்டா: சொல் விளக்கம்

செம்பாண்டா (பெயர்ச்சொல்): இமயத்தின் கிழக்குப் பகுதியிலும் அதையொட்டிய மியான்மர், சீன மலைக்காடுகளிலும் மரத்தில் வாழும் செந்நிறப் பாலூட்டி. ஆங்கிலத்தில் ரெட் பாண்டா. எடை 3 முதல் 6 கிலோ. மூங்கில் இலையே முதன்மை உணவு. சிக்கிமின் மாநில விலங்கு.

நம் செய்திகளில் இது அடிக்கடி 'சிவப்பு பாண்டா கரடி' ஆகிவிடுகிறது. அந்தக் கடைசிச் சொல்லில்தான் வம்பு. சீனத்துக் கறுப்பு வெள்ளைப் பாண்டா கரடிக் குடும்பம். அதைப் 'பாண்டா கரடி' என்றால் குற்றமில்லை. இது அந்தக் குடும்பமே அல்ல. ஐலூரிடே என்ற தனிக் குடும்பத்தில் இன்று எஞ்சியிருப்பது இந்த விலங்கு மட்டுமே. நீர்நாயும் ரக்கூனும் தூரத்துச் சொந்தம்.

வேடிக்கை என்னவென்றால், பாண்டா என்ற பெயர் முதலில் இதற்குத்தான் இருந்தது. 1821-இல் தாமஸ் ஹார்ட்விக் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, லண்டனில் உள்ள லின்னேயன் சங்கம் என்ற இயற்கை அறிவியலாளர் அமைப்பில் இந்த விலங்கைப் பற்றிய கட்டுரையை அளித்தார். அதன் குரலை வைத்தே மலைமக்கள் அதை 'வா' என்று அழைப்பதாக எழுதினார். கட்டுரை அச்சேற 1827 ஆகிவிட்டது. அதற்குள், 1825-இல், பிரெஞ்சு விலங்கியலாளர் பிரெடெரிக் கூவியே முந்திக்கொண்டு ஐலூரஸ் ஃபுல்ஜென்ஸ் என்று அறிவியல் பெயரும், 'பாண்டா' என்று வழக்குப் பெயரும் சூட்டினார். ஐலூரஸ் கிரேக்கத்தில் பூனை. ஃபுல்ஜென்ஸ் லத்தீனில் ஒளிர்வது.

'பாண்டா' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். அதன் வேர் நேபாளப் பகுதியில் வழங்கிய 'நிகால்யா போன்யா' போன்ற பெயரில் இருக்கலாம் என்பது பரவலான கருத்து. 'நிகாலோ' என்பது மெல்லிய மலை மூங்கில். இதை வைத்து 'பாண்டா என்றால் மூங்கில் தின்னி' என்று பலரும் அடித்துச் சொல்கிறார்கள். பின்பாதிச் சொல்லுக்கு அப்படி உறுதியான பொருள் நிறுவப்படவில்லை. இன்றைய நேபாளியில் இதன் பெயர் 'ஹாப்ரே'.

பெரிய பாண்டாவை அர்மாண்ட் டேவிட் என்ற பாதிரியார் 1869-இல்தான் மேலை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் எலும்பும் பல்லும் இதனுடையதை ஒத்திருந்ததால், பிரெஞ்சு விலங்கியலாளர் மில்ன்-எட்வர்ட்ஸ் அதற்கு ஐலூரோபோடா என்று பெயரிட்டார். பின்னால் 'பாண்டா' என்ற பெயரும் அங்கே போய் ஒட்டிக்கொண்டது. பெயருக்கு உரியது ஆங்கிலத்தில் 'லெஸர் பாண்டா', அதாவது சின்னப் பாண்டா ஆனது. வந்தவன் வீட்டுக்காரன் ஆன கதைதான்.

டார்ஜிலிங்கில் 1958-இல் தொடங்கிய பத்மஜா நாயுடு இமாலய விலங்கியல் பூங்காவில் இதைப் பார்க்கலாம். இங்கு இனப்பெருக்கம் செய்யப்பட்ட இரண்டு பெண் விலங்குகளை 2003-இல் சிங்கலிலா தேசியப் பூங்காவில் விட்டார்கள். நண்பகலில் போனால் ஏமாற்றம்தான்: கிளையின் மேல் வயிற்றைப் போட்டு, நான்கு காலையும் தொங்கவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும். குளிர் ஏறினால் சுருண்டு, வளையம் வளையமாக நிறம் மாறும் வாலை முகத்தின் மேல் போர்த்திக்கொள்ளும். காலையிலோ சாயங்காலமோ போனால், மரத்திலிருந்து தலைகீழாக இறங்குவதைக் காணும் வாய்ப்பு உண்டு. பின்னங்கணுக்காலை அந்த அளவுக்குத் திருப்ப முடியும். மூங்கில் தண்டைப் பிடிக்கும் கையைக் கவனியுங்கள். கட்டைவிரல் போல மடங்குவது விரல் அல்ல, நீண்டு வளர்ந்த மணிக்கட்டு எலும்பு. பெரிய பாண்டாவுக்கும் அது உண்டு. இரண்டும் தனித்தனியே பெற்ற வசதி. முதுகு செம்பட்டை, வயிறும் காலும் கறுப்பு. இமய மரங்களில் படரும் செம்பாசிக்கு நடுவே, கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு எளிதில் சிக்காது.

தமிழில் எப்படி எழுதுவது? பாண்டாவை மொழிபெயர்க்க வேண்டியதில்லை; அது ஏற்கெனவே நம் நாக்குக்குப் பழகிய ஒலி. 'சிவப்பு பாண்டா' என்பதில் ஒற்று விட்டுப்போகிறது. முறைப்படி 'சிவப்புப் பாண்டா'. எழுத்தில் சரி, சொல்லிப் பாருங்கள், உதடு ஒட்டிக்கொள்ளும். செந்நாய், செம்போத்து, செம்பருத்தி என்று நிறத்தை முன்னொட்டாக்கிப் பெயர் வைத்த மொழிக்குச் செம்பாண்டா இயல்பாகவே வருகிறது. சீனத்தில் இரண்டு பாண்டாவுக்கும் 'கரடிப்பூனை' என்று பொருள்படும் பெயர்தான். அதைத் தமிழில் எடுத்தால் 'பேர்கேட்' என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் பின்டுராங் என்ற வேறொரு மரவாழ் விலங்கோடு குழப்பம் வரும்.

பன்மை: விழா, விழாக்கள் ஆவது போலச் செம்பாண்டாக்கள்.