“சின்னப் புள்ளதானே, மறந்துரும்”: தயவுசெஞ்சு இனிமே இதைச் சொல்லாதீங்க

போன வாரம் எங்க மனநல ஓபில பத்தாம் வகுப்பு படிக்கிற ஒரு பொண்ணு. ஆள் யாருன்னு தெரியாம இருக்க விவரங்களை மாத்தித்தான் எழுதுறேன். ரொம்ப நாளா வயித்து வலி, பரீட்சை வந்தா கூடும், பாதி நாள் ஸ்கூலுக்கு லீவு. அம்மா பீடி சுத்துறவங்க, விரல் நுனியில புகையிலைக் கறை அப்படியே இருக்கு, ஆனா ஜவுளிக்கடைப் பையில இருந்து அவங்க எடுத்து மேஜையில வச்ச ஸ்கேன், ரத்த டெஸ்ட், என்டோஸ்கோபி ரிப்போர்ட் எல்லாம் தேதி வாரியா அடுக்கி ஒரு கசங்கல் இல்லாம இருந்துச்சு. எல்லாமே நார்மல். அம்மாவை வெளிய உட்கார வச்சுட்டு அந்தப் புள்ளகிட்ட தனியா பேசினேன். நாலாம் வகுப்பு படிக்கையில ஊர்க் கோயில் கொடைக்கு எல்லாரும் கூடியிருந்த வீட்டுல, மாடியில பிள்ளைங்க வரிசையா படுத்திருந்த இடத்துல, சொந்தக்காரர் ஒருத்தர் செஞ்ச பாலியல் கொடுமை வெளிய வந்துச்சு. இதை அம்மாகிட்ட எப்படிச் சொல்லப்போறோம்னு யோசிச்சுக்கிட்டே உள்ள கூப்பிட்டா, அவங்களுக்கு அதிர்ச்சியே இல்ல. “அது அப்பவே தெரியும் டாக்டரம்மா. மறுநாளே எங்கிட்ட சொல்லிட்டா. அந்தாள வீட்டுப் பக்கமே விடல. சின்னப் புள்ளதானே, பேசாம இருந்தா மறந்துரும்னு எங்க அத்த சொன்னாவ. இவளும் நல்லாத்தான் இருந்தா, கோகோ எல்லாம் வெளையாடினா, மார்க்கும் வந்துச்சு.”

இதே பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போயிட்டு. முக்கூடல்ல இருந்து வர்றவங்களும் சொல்றாங்க, வள்ளியூர்ல இருந்து வர்றவங்களும் சொல்றாங்க, பாளையங்கோட்டையில ரெண்டு டிகிரி படிச்சு வேலைக்குப் போற அப்பா அம்மாவும் இதையேதான் சொல்றாங்க. யாருமே புள்ள மேல அக்கறை இல்லாம சொல்லல, அதான் எனக்கு இன்னும் வேதனையா இருக்கு. அந்த அம்மா பீடிக் காசைச் சேத்து ஸ்கேன் எடுத்தவங்க.

முதல்ல “நல்லாத்தான் இருந்தா”ங்கிறதைப் பாப்போம். 1993-ல கேத்லீன் கெண்டல்-டாக்கெட், லிண்டா வில்லியம்ஸ், டேவிட் ஃபிங்கெல்ஹார்னு மூணு பேர், பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைங்களைப் பத்தின 45 ஆய்வுகளைச் சேத்து வச்சுப் பாத்து ஒரு கட்டுரை எழுதினாங்க. எங்க படிப்புல இன்னைக்கும் அதைத்தான் அடிப்படையா எடுத்துக்கிறோம். பயம், கெட்ட கனவு, கோவம், வயசுக்கு மீறின பாலியல் நடத்தைன்னு என்னென்னவோ இருந்துச்சு, ஆனா பெரும்பாலான பிள்ளைங்ககிட்ட பொதுவா இருக்கிற அறிகுறின்னு ஒண்ணுகூட இல்ல. அதைவிட முக்கியம், ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு பிள்ளைங்ககிட்ட அந்த நேரத்துல எந்த அறிகுறியுமே தெரியல. விளையாடுவாங்க, சிரிப்பாங்க, படிப்பாங்க. அதனால “புள்ள நல்லா இருக்கு, அப்ப ஒண்ணும் நடந்திருக்காது”ன்னும் முடிவு கட்ட முடியாது, “நடந்ததை மறந்துட்டா”ன்னும் முடிவு கட்ட முடியாது. நாள் ஆக ஆக மோசமான பிள்ளைங்களும் அந்த ஆய்வுகள்ல இருந்தாங்க.

ஏன் மோசமாகுதுன்னு கேக்குறாங்க. ஒன்பது வயசுல நடந்ததுக்குப் பேரு என்னன்னு அந்தப் புள்ளைக்கு ஒன்பது வயசுல தெரியாது. ஏதோ அசிங்கம், ஏதோ பயம், அவ்வளவுதான். பதிமூணு வயசுல பெரிய மனுஷியாகி சடங்கு சுத்தி, அறிவியல் பாடத்துல இனப்பெருக்கம் நடத்தி, ஃப்ரெண்ட்ஸ் பேசி, போன்ல நியூஸ் பாத்து, அப்பதான் ‘ஓ, எனக்கு நடந்தது இதுவா’ன்னு புரியுது. நீங்க மறந்துட்டான்னு நினைக்கிற நேரத்துலதான் அவளுக்கு அர்த்தமே ஆரம்பிக்குது. அந்த நேரத்துல யார்கிட்ட போய்க் கேப்பா? அம்மாகிட்ட ஏற்கனவே சொல்லிப் பாத்தாச்சு, அம்மா பேச்சை மாத்திட்டாங்க, வீட்டுல அதுக்கப்புறம் ஒருத்தரும் அந்தப் பேச்சையே எடுக்கல. நீங்க ‘ஞாபகப்படுத்த வேண்டாம்’னுதான் வாயை மூடுனீங்க, உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா புள்ளைக்குக் கேட்டது வேற: ‘இது சொல்லக்கூடாத விஷயம், நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன், அதான் அம்மா மூஞ்சி அப்படி ஆச்சு.’ 1985-லயே ஃபிங்கெல்ஹாரும் ஏஞ்சலா பிரவுனும் இந்தக் கொடுமை நாலு வழியில புள்ளையைக் கெடுக்குதுன்னு எழுதினாங்க: வயசுக்கு ஒவ்வாத பாலியல், நம்பினவங்க செஞ்ச துரோகம், ‘என்னால எதுவும் முடியல’ங்கிற கையாலாகாத நிலை, நாலாவது, தன்னையே கறைபட்டவளா நினைக்கிற வெக்கம். முதல் மூணும் அந்த ஆள் செஞ்சது. நாலாவதுல பாதி நம்ம வீட்டு மௌனம் சேக்குறது.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு கூட்டம், “இவ வாழ்க்கையே போச்சே”ன்னு புள்ள முன்னாலயே மாருல அடிச்சுக்கிட்டு அழும். அதுவும் பொய். அதே 1993 கட்டுரையில, காலப்போக்குல தொடர்ந்து பாத்த பிள்ளைங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேர் முதல் ஒன்று ஒன்றரை வருஷத்துல தேறி வந்திருக்காங்க. அப்படித் தேறினதுல பெரிய பங்கு எதுக்குன்னா, அம்மா நம்பினாங்களா, கூட நின்னாங்களாங்கிறதுக்கு. ஆள் யாரு, எத்தனை தடவை, பலவந்தமாங்கிறதும் முக்கியம்தான், ஆனா அதெல்லாம் நடந்து முடிஞ்சது, நம்ம கையில இல்ல. நாம நம்புறது மட்டும்தான் இப்பவும் நம்ம கையில இருக்கு.

உடம்பையும் இது விடுறதில்ல. அமெரிக்காவுல 1987-ல ட்ரிக்கெட், பட்னம்னு ரெண்டு பேர் ஆரம்பிச்சு, அப்புறம் ஜென்னி நோல் தொடர்ந்த ஆய்வுல, பாலியல் கொடுமைக்கு ஆளான பெண் பிள்ளைங்களை இருபது வருஷத்துக்கு மேல பின்தொடர்ந்து பாத்தாங்க. சீக்கிரமே பூப்பெய்தும் மாற்றங்கள், உடல் பருமன், மனச்சோர்வு, தன்னைத்தானே காயப்படுத்துறது எல்லாம் மத்தவங்களைவிட அவங்ககிட்ட அதிகம். 1998-ல ஃபெலிட்டியும் ஆண்டாவும் வெளியிட்ட பெரிய ஆய்வு, சின்ன வயசுக் கொடுமைகள் நாலு வகையோ அதுக்கு மேலயோ பட்டவங்களுக்கு குடிப்பழக்கம், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி நாலுல இருந்து பன்னெண்டு மடங்கு வரைக்கும் கூடுதுன்னு காட்டுச்சு. அந்த வகைகள்ல பாலியல் கொடுமையும் ஒண்ணு. எங்க ஓபில இதெல்லாம் வேற பேர்ல வரும். திரும்பத் திரும்ப மயங்கி விழுற பொண்ணு, மூளையைப் பாக்குற ஈஈஜி டெஸ்ட் நார்மல். கல்யாணமாகி மாசக்கணக்காகியும் புருஷன் பக்கத்துல வந்தாலே உடம்பு விறைச்சுக்கிற பொண்ணு. ராத்திரி கத்திக்கிட்டு எந்திரிக்கிற பொண்ணு, அதை பேய்னு சொல்லி வாரக்கணக்கா உவரிக் கோயில்லயும் ஆத்தங்கரைப் பள்ளிவாசல்லயும் தங்க வச்சுட்டுக் கூட்டிட்டு வருவாங்க. சாமி கும்பிடுங்க, நேர்ச்சை செய்யுங்க, நான் ஒருநாளும் தடுக்க மாட்டேன். ஆனா போற வழியிலயே எங்ககிட்டயும் ஒரு எட்டு காட்டிட்டுப் போங்க.

ஆம்பளைப் பிள்ளைங்களைப் பத்தி யாரும் வாயே திறக்கிறதில்ல. மத்திய அரசு 13 மாநிலத்துல 12,447 குழந்தைங்ககிட்ட கேட்டு 2007-ல வெளியிட்ட ஆய்வுல, 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகை பாலியல் கொடுமையைச் சந்திச்சதா சொன்னாங்க, அதுல பாதிக்கு மேல பையன்கள். செஞ்சவங்கள்ல பாதிப்பேர் தெரிஞ்சவங்க, நம்பிக்கையான இடத்துல இருந்தவங்க. “பய தானே, அவனுக்கு என்ன கெட்டுப்போச்சு”ன்னு கேக்குற அப்பாக்களுக்கு சொல்றேன், தொட்டா உடம்பு தானா எதிர்வினை காட்டும், அது சம்மதம் இல்ல, ஆசையும் இல்ல. அது தெரியாம ‘அப்ப நானும் விரும்பினேனோ’ன்னு வருஷக்கணக்கா தனக்குள்ள புழுங்கிக்கிட்டு, குடியில போய் விழுற பையன்களை நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

இன்னொண்ணு, “டாக்டர் செக் பண்ணி ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க, அப்ப பொய்தானே.” இல்லவே இல்ல. 2002-ல ஆஸ்ட்ரிட் ஹெகர் குழு, பாலியல் கொடுமை சந்தேகத்துல வந்த 2,384 குழந்தைங்களைப் பரிசோதிச்சதை வெளியிட்டாங்க, உடம்புல மாற்றம் தெரிஞ்சது நூத்துக்கு நாலு பேர்கிட்டதான். பரிசோதனை நார்மலா இருக்கிறதுதான் வழக்கம். கன்னித்தன்மை டெஸ்ட்னு எவனாவது விரலைவிட்டுப் பாக்க வந்தா விடாதீங்க, 2022 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் அதைச் செய்றவங்க ஒழுங்கீனக் குற்றத்துக்கு ஆளாவாங்கன்னே சொல்லிட்டு.

இப்ப செய்ய வேண்டியது. புள்ள வாயைத் திறந்தா, கையில இருக்கிற பீடித் தட்டை, போனை, கரண்டியைக் கீழ வச்சுட்டு உட்காருங்க. “நீ சொன்னது நல்லது. நான் நம்புதேன். உம்மேல ஒரு தப்பும் இல்ல.” இந்த மூணும் போதும். “ஏன் அங்க போன, ஏன் கத்தல, ஏன் அன்னைக்கே சொல்லல” கூடவே கூடாது. குறுக்கு விசாரணை பண்ணாதீங்க, சித்தி, பெரியம்மா, ஆச்சின்னு ஒவ்வொருத்தர் முன்னாலயும் திருப்பிச் சொல்ல வைக்காதீங்க. தயவுசெஞ்சு போன்ல வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல சொந்தக்காரங்களுக்கு அனுப்பாதீங்க, இதை இப்ப அடிக்கடி பாக்குறேன், பாத்தா வயிறு எரியுது, அந்த வீடியோ அப்புறம் எந்த ஊர்ல யார் கையில இருக்கும்னு யாருக்குத் தெரியும்?

நடந்து 72 மணி நேரத்துக்குள்ளன்னா குளிப்பாட்டாம, போட்டிருந்த துணியைத் துவைக்காம பேப்பர்ல சுத்தி எடுத்துக்கிட்டு நேரா பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கு வந்துருங்க. எச்ஐவி தடுப்பு மாத்திரைக்கும் கர்ப்பத்தடை மாத்திரைக்கும் அந்த நேரம் முக்கியம். எஃப்ஐஆர் போட்டாத்தான் பாப்போம்னு எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக்கூடாது, தனியாரா இருந்தாலும் காசு கேக்கக்கூடாது. அந்த நேரம் தாண்டிட்டாலும் வாங்க. குழந்தைங்களுக்கான உதவி நம்பர் 1098-க்கு எந்நேரமும் அடிக்கலாம்.

“கேஸு, கோர்ட்டுன்னு அலைய வச்சிருவாங்களே”ன்னு பயப்படுறீங்க, அந்தப் பயம் நியாயம். ஆனா 2012 போக்சோ சட்டப்படி போலீஸ் யூனிஃபார்ம் இல்லாம உங்க வீட்டுக்கோ புள்ள சொல்ற இடத்துக்கோ வந்துதான் புள்ளகிட்ட வாக்குமூலம் வாங்கணும், முடிஞ்சவரைக்கும் பெண் எஸ்ஐ. ராத்திரியில ஸ்டேஷன்ல வைக்கக்கூடாது. பேரு, படம், ஸ்கூல் எதுவும் வெளிய வரக்கூடாது. தெரிஞ்சும் தகவல் சொல்லாம இருக்கிறதுதான் குற்றம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். டாக்டரான எனக்கும் அதே சட்டம்தான், அதனால “உங்களோட இருக்கட்டும் டாக்டரம்மா”ன்னு கெஞ்சாதீங்க, என்னால முடியாது. டீச்சர்மாருக்கும் இதேதான், ஹெட்மாஸ்டர் பேரைக் காப்பாத்த உள்ளுக்குள்ளயே பஞ்சாயத்து பேசி முடிக்கிற வேலை வேண்டாம்.

நாலு நாள் கழிச்சு புள்ள “அப்படி ஒண்ணும் நடக்கல”ன்னு மாத்திச் சொல்லலாம். உடனே பொய்னு முடிவு கட்டிராதீங்க. 2007-ல மல்லாய், லையான், குவாஸ் 257 குழந்தைங்க கேஸை எடுத்துப் பாத்ததுல 23 சதவீதம் பேர் பின்னால மாத்திச் சொல்லியிருந்தாங்க. அப்பா ஸ்தானத்துல இருக்கிறவர் செஞ்சிருந்தா, அம்மா கூட நிக்கலைன்னா, அங்கதான் அது கூடுதல். “மாமா ஜெயிலுக்குப் போயிட்டா அத்தைக்கு யாரு கஞ்சி ஊத்துவா”ன்னு ராத்திரி முழுக்க பேசுற வீட்டுல எந்தப் புள்ளதான் நிலையா நிக்கும்?

கடைசியா, வருஷக்கணக்கா பேசாம இருந்துட்ட அம்மாமாருக்கு. நான் உங்களைக் குத்தம் சொல்ல இதை எழுதல. உங்களுக்கும் யாரும் சொல்லித் தரல. இதுக்குன்னே ஆராய்ஞ்சு உருவாக்கின பேச்சு வைத்தியம் இருக்கு, கோஹன், மன்னாரினோ, டெப்ளிங்கர் மூணு பேரும் சேந்து கொண்டுவந்தது, வழக்கமா 12-ல இருந்து 16 தடவை வந்தா போதும், பெத்தவங்களும் அதுல ஒரு பாதி. உடனே வர முடியலைன்னா 14416-ல டெலி மானஸ்னு போன்ல பேசுற மனநல உதவி இருக்கு, இலவசம், தமிழ்லயே பேசலாம். அதுக்கு முன்னாடி வீட்டுல ஆள் இல்லாத நேரமா பாத்து, மூஞ்சியைப் பாத்துக்கூட வேண்டாம், துணி மடிச்சுக்கிட்டே சொல்லுங்க: “அன்னைக்கு நீ எங்கிட்ட சொன்ன பாரு, நான் அதப் பேசாம விட்டுட்டேன். என்ன செய்யன்னு தெரியல. நீ சொன்னத நான் மறக்கல, நம்பாமலும் இல்ல. எப்ப பேசணும்னு தோணுதோ அப்ப பேசு.” எந்திரிச்சுப் போயிட்டா போகட்டும், பின்னாலயே போய்க் கேக்காதீங்க. ரெண்டு மூணு நாள் விட்டு இன்னொரு தடவை சொல்லுங்க.