சனிக்கிழமை டெய்லர், திங்கட்கிழமை சூப்பர்வைசர்

திருப்பூர்ல பனியன் கம்பெனி சூப்பர்வைசர்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கறதுதான் பதினாலு வருஷமா என் வேலை. வர்றவங்ககிட்ட முதல்ல ஒண்ணு கேட்பேன், உங்கள சூப்பர்வைசர் ஆக்கினப்போ இந்த வேலைய யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா? முக்கால்வாசிப் பேர் தலைய ஆட்டி இல்லைம்பாங்க. சனிக்கிழமை வரைக்கும் ஓவர்லாக் தையல் மெஷின்ல உக்காந்து எல்லாரையும் விட வேகமா தச்சவரு, திங்கட்கிழமை காலைல டெய்லர், செக்கிங், டெய்லருக்கு ஒத்தாசை பண்ற கைமடின்னு நாப்பது பேருக்கு பொறுப்பு. தைக்கறது வேற, தைக்க வைக்கறது வேற, ரெண்டாவது யாருக்கும் தானா வராது. சொல்லிக் குடுக்க ஆள் இல்லாதப்போ, தனக்கு மேல இருந்தவரு எப்படி நடந்துக்கிட்டாரோ அதையேதான் இவரும் செய்வாரு, அதாவது சத்தம் போடறது.

அப்படி சத்தம் போட்டதால ஆனது ஒண்ண சொல்றேன். ஏற்றுமதி ஆர்டர்ல ஊசி உடைஞ்சா எல்லாத் துண்டையும் தேடி ரெஜிஸ்டர்ல ஒட்டினாத்தான் புது ஊசி, ஒரு துண்டு கிடைக்கலைன்னாலும் அந்த இடத்துல இருக்கற பீஸ் மொத்தத்தையும் ஒதுக்கி மெட்டல் டிடெக்டர்ல விடணும். ஒரு கம்பெனில ஊசி உடைச்சதுக்காக ஒரு பொண்ண சூப்பர்வைசர் லைன் முன்னாடி நிக்க வச்சு திட்டியிருக்காரு. அடுத்த வாரமும் உடைஞ்சிருக்கு, இந்தத் தடவ அந்தப் பொண்ணு வாயே தொறக்கல, பக்கத்து மெஷின் அக்காகிட்ட ஒரு பழைய ஊசிய வாங்கி மாட்டி ஓட்டிடுச்சு. கடைசில பேக்கிங் டிடெக்டர்ல மாட்டுச்சு, துண்டு இருந்த இடம் கழுத்து ரிப் தையல், ரெண்டு வயசுக் குழந்தை போடற டி-சர்ட். என்னைய கூப்பிட்டு பேசச் சொன்னாங்க. "சொன்னா மறுபடி எல்லாரு முன்னாடியும் திட்டுவாருன்னு பயந்துட்டேங்க மேடம்"னு அழுதுச்சு. அந்தப் பொண்ணு மேல எனக்கு கோவமே வரல. தப்ப சொல்ல பயப்படற லைன்ல தப்பு குறையறதில்ல, மறையுது, அவ்வளவுதான்.

இந்த வேலைய கத்துக்க முடியும். ரெண்டாம் உலகப் போர் நேரத்துல அமெரிக்கால அனுபவசாலிங்க எல்லாம் பட்டாளத்துக்குப் போக, தொழிற்சாலைக்குள்ள முன்னபின்ன மெஷினே தொடாத ஆளுங்க, அதுல பெண்கள் நிறைய பேரு, வந்து சேர்ந்தாங்க. அவங்களுக்கு வேலை சொல்லிக் குடுக்கற சூப்பர்வைசர்களுக்காக 1940-ல ஆரம்பிச்சதுதான் டிடபிள்யூஐ, அதாவது ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரிங்கற பயிற்சி, 1945 வரைக்கும் நடந்துச்சு, அப்புறம் ஜப்பானுக்குப் போயி டொயோட்டா மாதிரி கம்பெனில வேர் புடிச்சிடுச்சு. ஒரு பாடத்துக்கு மொத்தமே 10 மணி நேரம், ரெண்டு ரெண்டு மணி நேரமா அஞ்சு நாள். அவங்க ஒரு கரண்ட் வயர் முடிச்ச வச்சு சொல்லிக் குடுத்தாங்க, நான் ஓவர்லாக் மெஷின்ல அடி நூல புடிச்சு வளையம் போடற லூப்பருக்கு நூல் கோக்கறத எடுத்துக்கறேன். முதல்ல வாயால மட்டும் சொல்வேன், புதுசா வந்தவங்க யாராலயும் முடியாது. அப்புறம் பேசாம செஞ்சு மட்டும் காட்டுவேன், பாதி தூரம் வந்து நூல் அறுந்துடும். அதுக்கப்புறம்தான் முறையா: முதல்ல பயத்தப் போக்கி உக்கார வச்சு, செஞ்சு காட்டிக்கிட்டே எந்த எடத்துல கவனம் வேணும், ஏன் வேணும்னு காரணத்தோட சொல்லி, அப்புறம் அவங்களையே செய்ய வச்சு செய்யறத வாய்விட்டு சொல்லச் சொல்லி, கடைசியா தனியா விட்டுட்டு அடிக்கடி போயி பாக்கறது. எங்க ஊர்ல விட்டுப்போறது அந்தக் கடைசி படிதான், காலைல காட்டிக் குடுத்துட்டு சாயங்காலம் பிரிச்சு திருத்த வேண்டிய ஆல்டர் பீஸ் குவிஞ்சப்புறம்தான் போயி நிக்கறோம். ஒடிசால இருந்தோ பீகார்ல இருந்தோ வந்த தம்பிக்கு தமிழ் புரியலைங்கறது உண்மைதான், அப்படின்னா அவனத் திருப்பி செஞ்சு காட்டச் சொல்றது இன்னும் அவசியம், தலைய ஆட்டினான்னா புரிஞ்சுதுன்னு விட்டுடக் கூடாது.

இன்னொண்ணு, முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி முழு விஷயத்தையும் கேக்கறது. ஒரு அக்காவுக்கு தினமும் மூணரைக்கு மேல பீஸ் குறையுதுன்னு சூப்பர்வைசர் தம்பி லைன் மாத்தப் போனாரு, கேட்டுட்டு மாத்துங்க தம்பின்னேன். ஸ்கூல் விட்டு புள்ள தனியா வீட்டுக்கு வர்ற நேரம், போன் லாக்கர்ல. ரெண்டு நிமிஷம் பேச விட்டாரு, பீஸ் சரியாயிடுச்சு.

ஆனா சூப்பர்வைசர் தானா பேசித் தீர்க்கவே கூடாத விஷயம் ஒண்ணு இருக்கு, பாலியல் தொல்லை. "ரெண்டு பேரையும் கூப்பிட்டு சமாதானம் பண்ணி விட்டேங்க மேடம்"னு பெருமையா சொல்றவங்கள நிறைய பாத்துட்டேன், ஒவ்வொரு தடவையும் வயித்தக் கலக்கும். 2013 சட்டப்படி பத்து பேரு வேலை செஞ்சாலே உள் புகார் குழு இருக்கணும், தலைவர் ஒரு பெண், உறுப்பினர்ல குறைஞ்சது பாதி பெண்கள், வெளியில இருந்து ஒருத்தர், புகார் குடுக்க 3 மாசம், விசாரணை முடிக்க 90 நாள். சமரசம்கறதே பாதிக்கப்பட்டவங்க கேட்டா மட்டும்தான், அதுவும் அந்தக் குழு வழியா, காசு குடுத்து முடிக்க முடியாது. இந்தத் தொல்லைய தடுக்க ஒரு கார்மெண்ட் கம்பெனியும் தொழிலாளர் சங்கமும் 2022-ல போட்ட திண்டுக்கல் ஒப்பந்தத்துல, தொல்லை நடக்குதான்னு பாத்து சொல்ல தொழிலாளிப் பெண்களையே தளத்துல வச்சாங்க, ஏன்னா பயம் பெரும்பாலும் சூப்பர்வைசர்கிட்டதான் இருந்துச்சு. இத நம்ம ஆளுங்க கோவப்படாம யோசிக்கணும்.

நாளைக்கு ஷிப்டுக்குப் போனதும் நோட்டீஸ் போர்டுல அந்தக் குழு பேரும் நம்பரும் இருக்கான்னு பாருங்க, இருந்தா போன்ல ஏத்தி வச்சுக்கங்க. இல்லைன்னா எச்.ஆர்.கிட்ட கேளுங்க, ஒட்டி வைக்க வேண்டியது கம்பெனியோட கடமை.