நஞ்சுக்கு ஓர் உடை, நெருப்புக்கு ஓர் உடை

எளிதில் தீப்பற்றும், நஞ்சும் ஆன பென்சீன் என்ற திரவத்தை ஏற்றி வந்த டேங்கர் லாரி நெடுஞ்சாலையில் கவிழ்ந்து, வால்வு வழியாக ஒழுகிக்கொண்டிருக்கிறது. இன்னும் தீப்பிடிக்கவில்லை. அந்த வால்வை அடைக்கப் போகிறவர் என்ன உடுத்திக்கொண்டு போவது?

தீயணைப்பு வீரர் வழக்கமாக அணியும் கனத்த கோட்டு சில விநாடி தீச்சுவாலையைத் தாங்கும். ஆனால் துணி துணிதான்: பென்சீன் அதில் ஊறும், ஆவி கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு வழியாக உள்ளே புகும். ரசாயனப் பாதுகாப்பு உடை ஆவியைத் தடுக்கும். அது ரப்பரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது, தீ பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் போடும் அலுமினியப் பூச்சு உறைகளும் இருக்கின்றன. அவை தப்பித்து வெளியே ஓடி வருவதற்கு மட்டுமே, நெருப்புக்குள் நின்று வேலை செய்வதற்கு அல்ல. அதனால் இரண்டு ஆபத்துகளில் ஒன்றை முதலில் தூரத்திலிருந்தே அடக்கிவிட்டு, மற்றதற்கான உடையில் உள்ளே போக வேண்டும். பெரும்பாலும் முதலில் அடக்குவது தீப்பற்றும் வாய்ப்பைத்தான். இந்த வரிசை தவறினால் மீதி எல்லாமே தவறிப்போகும்.

முதல் வேலை பைனாகுலர் வேலை. வண்டியின் பக்கவாட்டிலும் பின்புறமும் இருக்கும் அவசரத் தகவல் பலகையில் ரசாயனத்தின் பெயர், நான்கு இலக்க ஐ.நா. எண், அபாயச் சின்னம், தொலைபேசி எண் ஆகியவை இருக்கும். இந்தியாவில் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இதைக் கட்டாயமாக்கியுள்ளன. பென்சீனின் எண் 1114, ஆல்கஹால் வகைத் திரவமான மெத்தனாலின் எண் 1230. கூடவே ஹாஸ்கெம் குறியீடு என்ற சிறு எழுத்துக்கூட்டம் இருக்கும். அதில் இலக்கம் எதைக் கொண்டு அணைப்பது என்று சொல்கிறது: 1 என்றால் பருந்தூறல், 2 என்றால் நுண்தூறல், 3 என்றால் நுரை, 4 என்றால் தண்ணீரே கூடாது. அடுத்த எழுத்து பி, ஆர், எஸ், டி ஆகியவற்றில் ஒன்றானால் கொட்டியதை நிறையத் தண்ணீர் விட்டு நீர்த்துப்போகச் செய்யலாம். டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் ஆனால் கரை கட்டித் தேக்க வேண்டும், சாக்கடைக்குள் போக விடக்கூடாது. கடைசியில் 'ஈ' இருந்தால் சுற்றியுள்ளவர்களை வெளியேற்றுவது பற்றி யோசிக்க வேண்டும். மெத்தனாலின் குறியீடு •2டபிள்யூஈ. முன்னால் நிற்கும் அந்தச் சிறு புள்ளியைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தீயணைப்பு வண்டி காற்று வரும் பக்கமாக, மேட்டில், திரும்பிப் போக வசதியாக முகம் வெளிநோக்கி நிற்க வேண்டும். பென்சீன் ஆவி காற்றைவிட ஏறக்குறைய 2.7 மடங்கு கனமானது. பள்ளம் தேடித் தரையோடு ஊர்ந்து போகும். டீசல் எஞ்சினே அந்த ஆவியை உறிஞ்சித் தானாக வேகமெடுத்து, பற்றவைக்கும் பொறியாகிவிடலாம். கசிவு மட்டும் என்றால் எல்லாத் திசையிலும் 50 மீட்டர் விலக்கம். பெருங்கசிவானால் காற்று போகும் பக்கத்தில் 300 மீட்டர். டேங்கர் தீயில் சிக்கிவிட்டால் 800 மீட்டர். வட அமெரிக்க அவசரக் கையேடு தரும் தொடக்கக் கணக்கு இது. வாயுவை அளக்கும் மீட்டர் கையில் வந்தபின் கூட்டலாம், குறைக்கலாம்.

அந்த மீட்டரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எரியும் வாயுவை அளக்கும் கருவி, ஆவி தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அடர்த்தியில் எத்தனை சதவீதம் காற்றில் சேர்ந்திருக்கிறது என்பதைக் காட்டும். 10 சதவீதத்தில் கூவும்படி வைப்பது வழக்கம். பென்சீனுக்கு அந்தக் குறைந்தபட்சம் 1.2 சதவீதம், அதாவது 12,000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 12,000 பங்கு). அதில் பத்தில் ஒரு பங்கு 1,200 பி.பி.எம். மூச்சுக்கருவி இல்லாதவருக்கு உடனடி உயிராபத்து என்று பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க நியோஷ் நிறுவனம் வைத்திருக்கும் எல்லையோ 500 பி.பி.எம். கருவி கூவும்போது அந்த எல்லையின் இருமடங்கை எப்போதோ தாண்டியாகிவிட்டது. மீத்தேனை வைத்து அளவு திருத்திய கருவி பென்சீனைப் பாதியளவே காட்டக்கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரையில் 2 என்று தெரிவதை 'ஒன்றுமில்லை' என்று படிப்பவர், நஞ்சின் நடுவில் நின்றுகொண்டிருக்கலாம்.

நஞ்சை அளக்க, புற ஊதா ஒளியால் ஆவியை அயனியாக்கி அளக்கும் ஒளி அயனியாக்கக் கருவி வேண்டும். வழக்கமான 10.6 எலக்ட்ரான்வோல்ட் விளக்கு பென்சீனை நன்றாகப் பிடிக்கும், ஏனென்றால் பென்சீனுக்கு 9.24 போதும். மெத்தனாலுக்கு 10.85 தேவை. ஆகவே மெத்தனால் ஆவிக்குள் அதே கருவி பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டு அமைதியாக இருக்கும். கருவியில் பழுதில்லை, அந்த விளக்குக்கு அதைப் பார்க்கச் சக்தியில்லை. அங்கே நிறம் மாறும் கண்ணாடிக் குழாய்தான் துணை.

இனி நுரை. நுரைக்கு இங்கே தீயை அணைப்பதைவிடப் பெரிய வேலை, தீ பற்றும் முன்பே திரவத்தைப் போர்த்தி ஆவியை அடக்குவது. ஆயிரம் லிட்டர் பென்சீன் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் தேங்கினால் 100 சதுர மீட்டர். தட்டையான தார்ச்சாலையில் இன்னும் மெல்லிதாக, இன்னும் அகலமாகப் பரவும். படலம் படியும் நுரைக்குச் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 4.1 லிட்டர் கரைசல், 15 நிமிடம் என்பது பெட்ரோலியத் திரவக் கசிவுகளுக்கான அமெரிக்கத் தரநிலை. பெருக்கினால் 6,150 லிட்டர் கரைசல். 3 சதவீத நுரைத்திரவமானால் ஏறக்குறைய 185 லிட்டர். இருபது லிட்டர் கேன் பத்து. நான்கு கேனோடு தொடங்கி, நடுவில் தீர்ந்துபோய், அடுத்த வண்டி வரும்வரை காத்திருந்தால் போர்த்தியது வடிந்துவிடும். முதல் நான்கும் வீண். எல்லாம் கைக்கு வந்த பின்பே தொடங்க வேண்டும். நுரையைத் திரவத்துக்குள் பாய்ச்சிக் குத்தவும் கூடாது. முன்னால் தரையில் அடித்து உருட்டிவிட வேண்டும், அல்லது மேலிருந்து மழைபோல விழவிட வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் தண்ணீர் பீய்ச்சினால் போர்வை கிழியும்.

மெத்தனாலில் இந்த நுரை நிற்காது. மெத்தனால் தண்ணீரோடு கலப்பது, நுரையிலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்ளும். போட்ட நுரை கண்ணெதிரே கரைந்து போகும். குறியீட்டில் இருந்த அந்தப் புள்ளி சொல்வது இதைத்தான்: ஆல்கஹாலைத் தாங்கும் நுரை வேண்டும். அந்த வகை, திரவத்தின் மேல் பாலிமர் சவ்வு ஒன்றைப் படியவைத்து, அதன்மேல் உட்காரும். 'மெத்தனால்தானே, தண்ணீர் விட்டால் சரியாகும்' என்பதும் அரைகுறைதான். ஒரு பங்குக்கு நான்கு பங்காவது தண்ணீர் கலந்தால்தான் அணையும். அதுவரை எரியும் குளத்தைப் பெரிதாக்குகிறோம். பகல் வெளிச்சத்தில் மெத்தனால் தீ கண்ணுக்குத் தெரியாது என்பதால், வெப்பக் கேமரா இல்லாமல் அதன் அருகே ஓர் அடிகூட வைக்கக்கூடாது.

திரவம் ஓடும் பாதையில் மணலால் கரை கட்டுவதும், சாலையோர வடிகால் வாய்களை மூடுவதும் கசிவுக்கு முன்னால் நின்று செய்யும் வேலை. திரவத்தில் கால் வைக்கத் தேவையில்லை. வடிகாலை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை மெக்சிகோவின் குவாதலஹாரா நகரம் 1992 ஏப்ரல் 22 அன்று கண்டது. குழாயிலிருந்து கசிந்த பெட்ரோல் சாக்கடைகளில் சேர்ந்து வெடித்து, தெருத் தெருவாகப் பிளந்து, 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாற்றம் பற்றி மக்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள்.

போர்வை நின்று, மீட்டர் இறங்கிய பிறகுதான் ரசாயன உடையில் இருவர் உள்ளே போவார்கள். அதே உடையில் இன்னும் இருவர் வெளியே தயாராக நிற்பார்கள். பின்னால் நிரம்பிய குழாயோடு நுரை ஆள். மூச்சுக்கருவியின் 6.8 லிட்டர், 300 பார் அழுத்தச் சிலிண்டரில் ஏறக்குறைய 2,000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 50 லிட்டர் என்றால் 40 நிமிடம். எச்சரிக்கை விசிலுக்குப் பின் உள்ளதை விட்டுவிட்டால் 33. போகவும், வரவும், உடையைக் கழுவவும் கழித்தால், வால்வருகே கிடைப்பது கால் மணி நேரந்தான். நம் ஊர் வெயிலில் அதுகூட அதிகம், ஏனென்றால் அந்த உடைக்குள் வியர்வை ஆவியாக வழியில்லை. ஆகவே மர ஆப்பு, ரப்பர் தகடு, பட்டை, தீப்பொறி எழுப்பாத வெண்கலச் சாவிகள் எல்லாவற்றையும் வெளியிலேயே அளந்து, ஒத்திகை பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

மீதியை இன்னொரு டேங்கருக்கு மாற்றுவதற்கு முன் இரண்டு வண்டிகளையும் கம்பியால் இணைத்து, நிலத்தோடு எர்த் செய்தாக வேண்டும். பென்சீன் குழாயில் ஓடும்போதே நிலைமின்சாரம் சேரும். பொறி தெறிப்பது கடைசியாகப் பூட்டும் இணைப்பில், எனவே அந்தக் கடைசி இணைப்பு ஆவி இல்லாத தூரத்தில் இருக்க வேண்டும்.

வெளியே வந்தவர் கழுவும் தொட்டியில் நின்று, மேலிருந்து கீழாகக் கழுவப்பட்டு, உடையைக் கழற்றிய பிறகே முகமூடியை எடுக்க வேண்டும். புழுக்கம் தாங்காமல் முதலில் முகமூடியைப் பிடுங்குவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. உடையிலிருந்து எழும் ஆவி நேரே மூக்குக்குப் போகும். பென்சீன் பட்ட கோட்டுகளை மூடிய பைகளில் கட்டி, வண்டியின் கேபினுக்கு வெளியே வைத்துத்தான் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.