துணியில் சாயத்தைப் பிடித்து நிறுத்துவது யார்?

"பீட்ரூட் சாற்றில் வெள்ளைப் பருத்தித் துணியை ஊறவைத்தேன். நிறம் நிற்பதற்காக உப்பும் வினிகரும் சேர்த்தேன். அழகான இளஞ்சிவப்பு வந்தது. ஒரே அலசலில் எல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. உப்பு போதவில்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

ஒரு மூட்டை உப்பைக் கொட்டியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். பீட்ரூட்டின் நிறமிக்குப் பெயர் பீட்டனின். தண்ணீரில் சட்டென்று கரையும். சூடு பட்டால் சிதையும். துணியோடு அதற்கு எந்தப் பிணைப்பும் ஏற்படவில்லை. இழைகளுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருந்தது, தண்ணீர் வந்ததும் கிளம்பிவிட்டது.

உப்பும் வினிகரும் செயற்கைச் சாயங்களிலிருந்து இங்கே வந்து சேர்ந்தவை. பருத்தி இழை தண்ணீரில் லேசான எதிர்மின்னூட்டம் பெறும். பருத்திக்கான செயற்கைச் சாயங்கள் பலவும் எதிர்மின்னூட்டம் கொண்டவைதான். அதனால் இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். உப்பிலுள்ள சோடியம் அயனிகள் இந்த விலக்கத்தைக் குறைத்து, சாயத்தை இழையின் பக்கம் தள்ளிவிடும். வினிகரோ கம்பளி, பட்டு போன்ற புரத இழைகளில் அமிலச் சாயம் ஏற உதவும். காரணம் மறந்துபோய், 'உப்பு போட்டால் சாயம் நிற்கும்' என்ற பேச்சு மட்டும் எல்லாச் சாயத்துக்கும் பரவிவிட்டது. இதையும் மூடநம்பிக்கை என்றுதான் சொல்வேன்.

அப்படியானால் எது நிறுத்தும்? படிகாரம்.

நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒரே பருத்தித் துணியில் மூன்று துண்டுகள். ஒன்று வெறும் துணி. இரண்டாவதைப் படிகார நீரில் ஊறவைத்தேன். மூன்றாவதை, துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் சில நாள் போட்டு வைத்த தண்ணீரில் நனைத்தேன். அப்புறம் மூன்றையும் தனித்தனியாக, அதே வெங்காயத் தோல் சாற்றில் ஒரு மணி நேரம் சூடாக்கினேன். வெறும் துணி மங்கலான பழுப்பாக வந்தது. படிகாரத் துணி தங்க மஞ்சள். இரும்புத் துணி கரும்பச்சை. சாயம் ஒன்று, நிறம் மூன்று!

வெங்காயத் தோலில் குவர்செடின் என்ற நிறமி இருக்கிறது. அதன் மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் பக்கத்துப் பக்கத்தில், ஒரு நண்டுக் கொடுக்கின் இரண்டு முனைகள் போல அமைந்திருக்கின்றன. படிகாரத்தில் இருப்பது அலுமினிய அயனி. அதற்கு ஒரே நேரத்தில் ஆறு அணுக்களைப் பிடித்துக்கொள்ள இடமுண்டு. தண்ணீரில் இருக்கும்போது ஆறு நீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்திருக்கும். துணியை ஊறவைக்கும்போது அவற்றில் சில விலக, இழையின் ஆக்சிஜன்கள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. சாயத்தில் போட்டதும், மீதி இடத்தில் குவர்செடின் தன் கொடுக்கால் கவ்விக்கொள்கிறது. ஒருபக்கம் துணி, மறுபக்கம் சாயம், நடுவில் அலுமினியம். இந்த வகைப் பிணைப்புக்கு வேதியியலில் வைத்த பெயரே 'கீலேட்'. கிரேக்கத்தில் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதற்கு அடுத்து நடப்பது. தனியாக இருக்கும் குவர்செடின் ஏறத்தாழ 370 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது நம் கண்ணுக்கு எட்டாத புற ஊதாப் பகுதியில்தான் அதிகம் ஒளியை உறிஞ்சும். அலுமினியம் மூன்று நேர்மின்னூட்டம் கொண்டது. அது கவ்வியதும் நிறமியின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது. உறிஞ்சும் ஒளி 430 நானோமீட்டர் அருகே நகர்ந்துவிடுகிறது. அது நீலம் கலந்த ஊதா. வெள்ளை ஒளியில் அந்தப் பகுதி குறைந்தால் மிச்சம் மஞ்சளாகத் தெரியும். சாயம் நிற்பதும் பளிச்சிடுவதும் ஒரே பிணைப்பின் வேலை! இரும்பு வந்தால் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதியை உறிஞ்சும், அதனால்தான் கருமை.

முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி, எகிப்தியர் துணியில் நிறமற்ற கரைசல்களைப் பூசி ஒரே கொப்பரையில் முக்கிப் பல நிறங்களோடு எடுப்பதை வியந்து எழுதியிருக்கிறார். உலோகம் நடுவில் நின்று இப்படிப் பிணைப்பதை வேதியியலாளர் ஆல்ஃபிரட் வெர்னர் விளக்கத் தொடங்கியது 1893இல்தான்.

பருத்தியில் ஒரு சிக்கல் உண்டு. கம்பளியிலும் பட்டிலும் உள்ள புரதம் அலுமினியத்தை நன்றாகப் பிடிக்கும். பருத்தி வெறும் செல்லுலோஸ். அதன் பிடி தளர்வு. அதனால் முதலில் கெட்டியான தேயிலை டிகாக்ஷனில் ஊறவைத்து, அதிலுள்ள துவர்ப்புப் பொருளான டானினை ஏற்றுவார்கள். டானின் செல்லுலோஸில் ஒட்டும், அலுமினியத்தையும் விடாது. 100 கிராம் உலர்ந்த துணிக்கு 15 கிராம் படிகாரம், துணியின் எடைக்கு எடை வெங்காயத் தோல். தளதளவென்று கொதிக்க வேண்டாம், ஆவி பறந்தால் போதும். இரும்புச் சட்டி கூடாது, ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். சமைக்கும் பாத்திரமும் வேண்டாம்.

மஞ்சள் தூளின் நிறமியான குர்க்குமின் படிகாரம் இல்லாமலே பருத்தியில் ஏறிவிடும். ஆனால் சோப்பு பட்டால் செந்நிறமாகும். வெயிலில் சில நாளிலேயே வெளுக்கும்.

'இயற்கைச் சாயம் என்றால் ஆபத்தே இல்லை' என்பார்கள். இதே இயற்கைச் சாயங்களை நிறுத்தக் குரோமியம் உப்புகளும் பயன்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றான டைகுரோமேட் புற்றுநோய் வருவிக்கும் நஞ்சு. மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் செடிகள் இருக்கின்றன, அந்த இலைகளையே படிகாரத்துக்குப் பதிலாகப் பயன்படுத்தும் நெசவாளர்களும் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்குத்தான் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேட்ட வாசகிக்கு: பீட்ரூட்டை விட்டுவிடுங்கள். தேயிலையில் ஊறி உலர்ந்த துணியின் ஒரு ஓரத்தை மட்டும் ஆணித் தண்ணீரில் தொட்டு வெளியே எடுத்துப் பிடியுங்கள். நனைந்த இடம் முதலில் சாம்பல் நிறமாகும். காற்றிலுள்ள ஆக்சிஜன் இரும்பை மாற்ற மாற்ற, சில நிமிடங்களில் உங்கள் கையிலேயே அது கறுத்துக்கொண்டு வரும்.